எஞ்சினின் உஷ்ணமறி கருவி பொய் கூறினால்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிஞ்ச்வட், பிம்ப்ரி, ஆகுர்டி, நிக்டி ஆகிய இடங்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் புறப்படுவது வழக்கம். ரயிலில் இடம் பெறுவதற்கு 60 நாள்களுக்கு முன்னரே முனைய வேண்டியிருக்கிறது. முனைந்தும் காத்திருப்போர் பட்டியலிலேயே பெயர் நின்றுவிடுவதும் உண்டு. (ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் என்னிடம் வந்து இதைக் கூறிக் குறைப்படுவோர் பலர். நான் என் செய்வேன்!) ஆகவே சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் பழைய காரை வாங்கி வைத்திருப்பவர்கள், குழந்தை குட்டிகளையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு சாலை வழியே கிளம்பிவிடுகிறார்கள். ஸாதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி என்று நீளும் அவ்வழியில், புறப்பட்ட சில மணி நேரத்துக்குள்ளாகவே கம்பாட்கி மலையேற்றம் வந்துவிடும். மே மாத வெயில், ஏழு பேர் சுமை, முன்னே நகராத லாரி வரிசை. எஞ்சினின் சூடு எவ்வளவு என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அதுவே.

வண்டியை எடுப்பதற்கு முன் டயரையும் பிரேக்கையும் நாம் பார்க்கிறோம். ரேடியேட்டரில் நீர் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். ஆனால் அந்நீரின் உஷ்ணத்தை இடைவிடாது அளந்து சொல்லிக்கொண்டிருக்கும் சிறு கருவி ஒன்று எஞ்சினில் இருப்பதைப் பலர் அறியார். கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் என்று பட்டறைகளில் அதனைச் சொல்வர். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிது. பித்தளைத் தலையும் பிளாஸ்டிக் வாலும் உடையது. விலையும் பெரிதன்று, பெரும்பாலான சிறு கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். அது பொய் கூறத் தொடங்கினால் வரும் செலவோ பெரிது. எஞ்சின் அளவு மீறிக் கொதித்தால் சிலிண்டருக்கு மேலுள்ள தலைப்பகுதி கோணிவிடும். இடையில் இருக்கும் காஸ்கெட் வெடித்துவிடும். அதைச் செப்பனிடப் பல ஆயிரங்கள் வேண்டும்; ஊர்ப் பயணமும் பாதியில் நின்றுபோகும்.

நாம் வாழும் இவ்வட்டாரமே மோட்டார்த் தொழிலின் ஊராகும். பிம்ப்ரியில் டாடா கம்பெனியார் 1966-இல் ஆலை அமைத்தனர். 1998-இல் இந்திகா என்னும் சிறு கார் அங்கிருந்துதான் வெளிவந்தது. நாட்டில் விற்பனைக்கு வரும் வண்டிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் மோட்டார் ஆராய்ச்சிச் சங்கமாகிய ஏ.ஆர்.ஏ.ஐ.யும் அதே 1966-இல் புனாவில் தோன்றியதே. நம்மவரில் எத்தனையோ பேர் இவ்வாலைகளிலும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கிறோம். ஆயினும் நம் சொந்த வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால், பட்டறைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்து வருகிறோம். அந்நிலை மாறவேண்டும் என்பது என் எண்ணம். நான் எஞ்சினியர் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். நான் புரிந்துகொண்ட இவ்விஷயம் பிறருக்கும் புரியக்கூடியதே.

முதலில் ஒரு கேள்வி. எஞ்சினின் சூட்டை யாருக்குச் சொல்வதற்காக இக்கருவி இருக்கிறது? ஓட்டுபவருக்கு என்றுதான் பலரும் எண்ணுவர். அது முழு உண்மையன்று. பழைய அம்பாசிடரையும் பத்மினியையும் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: குளிர்காலக் காலையில் சோக் என்னும் கைப்பிடியை இழுத்தால்தான் வண்டி கிளம்பும், சூடேறியதும் அதைத் திரும்பத் தள்ளிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி குழாய்ச் சுவரில் துளியாகப் படிந்துவிடுகிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோல் தேவைப்படுகிறது. அந்நாளில் எஞ்சின் சூடா குளிரா என்று அறிந்து சோக்கை இயக்கியவர் ஓட்டுநரே. இன்றைய கார்களில் சோக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்சவேண்டும் என்பதை இ.சி.யூ. என்று சொல்லப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னுள்ள மின்விசிறியை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதும் அதன் பொறுப்பே. அதற்குச் செய்தி சொல்லும் தூதன்தான் இக்கருவி. பல கார்களில் ஓட்டுநர் முன்னிருந்த உஷ்ண முள்ளையே எடுத்துவிட்டு, ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டும் வைத்துவிட்டார்கள். ஆகவே தூதன் சொல்வதைச் சரிபார்க்க நம்மிடம் வேறு சாட்சி இல்லை. இதை நான் நல்ல மாறுதல் என்று கூறமாட்டேன்.

இனி, கருவியின் தத்துவத்தைப் பார்ப்போம். செம்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் மின்சாரம் செல்வதற்குள்ள தடை கூடுகிறது. இதற்கு மாறாக நடக்கும் பொருள்களும் உண்டு. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஸில்வர் ஸல்பைடு என்னும் பொருள் சூடேறச் சூடேற மின்சாரத்தை எளிதில் விடுவதை மைக்கேல் ஃபாரடே 1833-இல் கண்டறிந்தார். மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்ஸைடுகளை அழுத்திச் சுட்டுச் செய்யும் சிறு வில்லைகள் இக்குணத்தை மிகுதியாகக் கொண்டவை. தெர்மிஸ்டர் என்பது அவற்றின் பெயர். நம் கருவியின் பித்தளைத் தலைக்குள் அடங்கியிருப்பது அத்தகைய வில்லை ஒன்றே. பரவலாக வழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 2,500 ஓம் தடை இருக்கும். 80 டிகிரியில் அது சுமார் 320 ஓம். 100 டிகிரியில் 190 ஓமுக்கும் குறைவு. வண்டிக்கு வண்டி எண்கள் வேறுபடும். இறங்குமுகம் மட்டும் மாறாது.

கட்டுப்பாட்டுப் பெட்டி ஓம்களை நேரே எண்ணுவதில்லை. அது 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தன்னுள் இருக்கும் ஒரு நிலையான தடையின் வழியே ஒரு கம்பியில் அனுப்புகிறது. அக்கம்பி கருவிக்குள் சென்று, தெர்மிஸ்டரைக் கடந்து, இரண்டாவது கம்பி வழியாகப் பெட்டிக்கே திரும்புகிறது. வழியில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துப் பெட்டி உஷ்ணத்தைக் கணக்கிடுகிறது. உள்தடை 2,200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எஞ்சின் 20 டிகிரியில் இருக்கையில் கம்பியில் ஏறத்தாழ 2.7 வோல்ட் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 0.6 வோல்ட். குளிர் என்றால் உயர்ந்த வோல்ட், சூடு என்றால் தாழ்ந்த வோல்ட். இந்த ஒன்றை மறவாது வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கம்பி எங்கேனும் அறுந்துபோனால் என்ன ஆகும்? மின்சாரம் ஓடாது, 5 வோல்ட் அப்படியே நிற்கும். பெட்டி அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். பெரும்பாலான வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். இரு கம்பிகளும் உரசி ஒட்டிக்கொண்டால் வோல்ட் பூஜ்யமாகும். அப்போது எஞ்சின் 130, 140 டிகிரிக்கு மேல் கொதிப்பதாகப் பெட்டி எண்ணும்.

இங்கே ரயில்வேக்காரனுக்கு ஓர் எண்ணம் எழாமல் போகாது. தண்டவாளத்தில் வண்டி நிற்பதை அறியும் டிராக் சர்க்யூட் என்னும் முறையை அமெரிக்காவில் வில்லியம் ராபின்ஸன் என்பவர் 1872-இல் அமைத்தார். தண்டவாளத்தின் வழியே எப்போதும் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும் வரையில்தான் கைகாட்டி பச்சை காட்டலாம். வண்டி வந்து நின்றாலும் மின்சாரம் திசைமாறிப் போகும். கம்பி அறுந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் மின்சாரம் நின்றுபோகும். உடனே சிவப்பு விழும். பழுது எதுவாயினும் அது எச்சரிக்கையின் பக்கமே சாயும்படி அமைந்திருப்பது அதன் சிறப்பு. நம் காரின் கருவியில் நேர்மாறு: கம்பி அறுந்தால் ‘எல்லாம் குளிர்ச்சி’ என்ற செய்தி போகிறது! இதை நம்பிப் பெட்டி விசிறியை ஓட்டாமல் இருந்துவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். ஆகவேதான் மைனஸ் 40 என்ற எண் வந்ததும், ‘இஃது இயற்கையில் நடவாதது’ என்று பெட்டி தெளிந்து, மஞ்சள் விளக்கை ஏற்றி, விசிறியை ஓயாமல் ஓடவிட்டு, ஏதோ ஒரு நடுத்தர உஷ்ணத்தைத் தானே பாவித்துக்கொண்டு எஞ்சினை ஓட்டுகிறது. பிழைக்கு இடம் கொடுத்துவிட்டுப் பின் அறிவினால் அதை ஈடுசெய்யும் அமைப்பு இது. ரயில்வே முறையே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. என் கட்சி அது என்பதை வாசகர்கள் கணக்கில் கொள்க.

எங்கள் குடியிருப்பில் தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய காரில் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. விசிறி, சாவியைத் திருப்பியது முதல் நிறுத்தும் வரை ஓயாது சுழன்றது; பெட்ரோல் செலவும் கூடியது. பட்டறை ஒன்றில் காட்டினார். ஸ்கேனர் என்னும் கருவியை மாட்டிப் பார்த்ததில் பி 0118 என்ற குறி வந்தது. அதன் விளக்கத்தில் ‘உயர்வு’ என்ற பொருள்படும் சொல் இருந்தது. சூடு உயர்ந்துவிட்டது என்று பட்டறையில் பொருள் கொண்டு, தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். உண்மையில் அந்த ‘உயர்வு’ வோல்ட்டின் உயர்வு; அதாவது குளிர்ச்சியின் குறி! விளக்கு அணையவில்லை. பிறகு சென்சாரை மாற்றினார்கள்; விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து மீண்டும் எரிந்தது. ‘டூப்ளிகேட் சாமான், ஒரிஜினல் போடுவோம்’ என்று இன்னொரு சென்சார். அதுவும் நான்கு நாள்தான். தீபாவளிக்கு ஊர் போகவேண்டும். வீட்டில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கையிருப்போ பட்டறையில் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது ஆலை ஒன்றில் மின்சாரப் பிரிவில் பணியாற்றும் மற்றொரு நண்பர், ஒரு மல்டிமீட்டரோடு ஞாயிறு காலை வந்தார். “அண்ணாச்சி, புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு துண்டுக் கம்பி இருந்தால் கொடுங்கள்,” என்றார். நான் அருகில் நின்று பார்த்தேன். அவர் செய்த முறை மிக எளியது.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. கைத்தொலைபேசியோடு சேரும் சிறு செருகியை ஸ்டீரிங்குக்குக் கீழுள்ள துளையில் மாட்டி, பெட்டி கருதும் உஷ்ணத்தைப் பார்த்தார்: மைனஸ் 40. சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். அப்போதும் மைனஸ் 40. இதில் வியப்பில்லை. பின் கனெக்டரின் இரு துளைகளையும் துண்டுக் கம்பியால் இணைத்தார். வழி முழுவதும் நன்றாக இருந்தால் இப்போது உஷ்ணம் உச்சத்துக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவினால் கம்பிகளும் பெட்டியும் குற்றமற்றவை, சென்சாரே குற்றவாளி. எண் தாவவில்லை, மைனஸ் 40-லேயே நின்றது. ஆக, மூன்று சென்சார்களும் நிரபராதிகள்! குற்றம் கம்பியிலோ பெட்டியிலோ இருக்கவேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்தில் வைத்து, மற்றதைக் கனெக்டரின் முதல் துளையில் வைத்தார்: 5 வோல்ட். போகும் கம்பி நலம், பெட்டியும் நலம். இரு துளைகளுக்கும் இடையே அளந்தார்: ஒன்றும் இல்லை. திரும்பும் கம்பி அறுந்திருக்கிறது என்பது வெளிப்படை. மற்றக் கருவிகளோடு பொதுவாகச் செல்லும் கம்பியினின்று இந்தச் சென்சாருக்கெனப் பிரிந்து வரும் கிளையைத் தடவிக்கொண்டே போனார். பாட்டரித் தட்டுக்குப் பின்புறம், மேலுறை கிழியாமலே உள்ளே செம்பு பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. ஒரு சாண் புதுக் கம்பி, பற்றவைத்த இரண்டு இணைப்பு, மேலே உறை. அரைமணி வேலை. விளக்கு பிறகு எரியவில்லை.

ஒவ்வொரு முறை சென்சார் மாற்றியபோதும் விளக்கு இரண்டொரு நாள் ஏன் அணைந்தது? கனெக்டரை இழுத்துச் செருகுகையில் இற்ற கம்பி அசைந்து தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. பழுது தீர்ந்துவிட்டது என்று பட்டறைக்காரர் நம்பியதில் வஞ்சம் இருந்ததாக நான் கருதவில்லை. பத்து நிமிஷம் சோதிக்கும் பொறுமை இல்லாததே காரணம்.

மேற்கூறியதைவிட ஆபத்தான பழுது ஒன்று உண்டு. கம்பி முழுதும் அறாமல், கனெக்டரின் ஊசியில் பாசி பிடித்து 500 ஓம் அளவுக்குத் தடை கூடிவிட்டதாகக் கொள்வோம். புனா வட்டார மழையில் இது நேரக்கூடியதே. காலையில் எஞ்சின் 20 டிகிரியில் இருக்கும்போது 2,500 ஓம் 3,000 ஆகும். பெட்டி 15, 16 டிகிரி என்று படிக்கும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 80 டிகிரியில் 320 ஓம் 820 ஆகிவிடும். பெட்டிக்கு அது 50 டிகிரி. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதி அது பெட்ரோலை அதிகம் பீய்ச்சும். நீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் பெட்டி அறுபதுக்கு அருகில்தான் படிக்கும். விசிறி ஓடவேண்டிய எண் வரவே வராது. ஏ.சி. போட்டால் பல கார்களில் விசிறி ஓடும், போடாவிட்டால் இல்லை. 50 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்ணாகையால் மஞ்சள் விளக்கும் உடனே எரிவதில்லை. சிவப்பு விளக்கும் அதே கருவியை நம்பியிருந்தால் அதுவும் வாய் திறவாது. கம்பாட்கி ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது, பானெட்டின் இடுக்கில் ஆவி வருவதுதான் முதல் எச்சரிக்கை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, நீரின் உஷ்ணத்தையும் உள்ளே புகும் காற்றின் உஷ்ணத்தையும் ஸ்கேனரில் ஒப்பிடலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஆனால் பாசிப் பழுது காலையில் ஒளிந்துகொள்ளும் என்று கண்டோம். ஆதலால் அது போதாது. எஞ்சின் சூடேறிய பின்னும் பார்க்கவேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர்க் குழாய் கை வைக்க முடியாதபடி சுடுகையில் ஸ்கேனர் 50 என்றால், கனெக்டரைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். பச்சைத் தூள் தெரியும். கையைக் கொண்டுபோகும்போது விசிறி திடீரென்று சுழலக்கூடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

நீர் குறைந்திருந்தாலும் இத்தகைய மயக்கம் நேரும். கருவியின் தலை நீரில் முழுகாமல் காற்றுக்குமிழில் நின்றால் அது எஞ்சினின் உண்மைச் சூட்டைச் சொல்லாது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் உண்மையாகவே சூடேறத் தாமதிக்கும். அங்கே கருவி மெய் கூறுகிறது, நாம்தான் ஐயுறுகிறோம். எனவே நீரைப் பார்த்த பிறகே கம்பியைப் பார்க்கவேண்டும்.

கழற்றிய சென்சாரை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரம் ஒன்றில் நீர் விட்டு, தலைப்பகுதி மட்டும் முழுகும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் உஷ்ணமானியும் வைத்து, நீர் சூடாகச் சூடாக ஓம் இறங்குவதைக் குறித்துக்கொள்ளலாம். இடையில் எண் குதித்தாலோ, இறங்காமல் நின்றாலோ வில்லை பழுது. நீர் கொதிக்கும்போது 100 டிகிரி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். புனா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் ஏறத்தாழ 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டிக்குள் மட்டும் மூடியின் அழுத்தத்தாலும் கூலண்ட் திரவத்தாலும் கொதிநிலை 100-ஐத் தாண்டி உயர்ந்து நிற்கிறது. அதனாலேயே சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது: அழுத்தம் விட்டவுடன் உள்ளேயுள்ள நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும். சாலையோரத்தில் வண்டி நின்றால் முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் குழாய் கைக்கு ஆறிய பிறகே துணியைச் சுற்றி மெல்லத் திருகவேண்டும். குழந்தைகளை அப்பால் நிறுத்திவிட வேண்டும்.

பட்டறைக்குச் செல்வோர் ‘குறி என்ன?’ என்று கேட்டு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். பி 0117 என்றால் வோல்ட் தாழ்வு, கம்பிகள் ஒட்டியிருக்கலாம். பி 0118 என்றால் வோல்ட் உயர்வு, அறுந்திருக்கலாம். பி 0119 என்றால் விட்டுவிட்டு வரும் பழுது. கம்பியை அசைத்துப் பார்க்கவேண்டியது. பிறகு, “கனெக்டரைக் கழற்றியும் இணைத்தும் பார்த்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மராத்தியில் கேட்கத் தயக்கமிருந்தால் இந்தப் பக்கத்தையே காட்டி, கழற்றுவது போலவும் சேர்ப்பது போலவும் கையால் காட்டினாலும் அவர்களுக்குப் புரியும். தென்காசி நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். சென்ற மாதம் அவருடைய அலுவலகத் தோழரின் வண்டிக்கு அதனால் ஒரு சென்சாரின் விலை மிச்சமாயிற்று.